கூழைக்கடாப் பாறை வரை

லூக்கா ஆண்டு, மெஸ்கெரெம் மாதம் 20
ஷாலிட் ஏரிக் கரை

செத்துப்போன என் வீட்டுக்காரர் பஹைலாவுக்கு ஸப்லா எழுதுவது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்கு மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் துறவு வாங்கிய அன்று நான் கட்டிப்பிடித்து அழுதது உங்கள் காலை அல்ல.

மூன்று பேரை வரிசையாகப் படுக்க வைத்து, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி போர்த்தி, உலகத்துக்குச் செத்தாயிற்று என்று சாவுப் பாட்டு பாடினார்கள் அல்லவா? நான் அதற்கு முன்பே இரண்டு சுரைக்குடுவை பார்லிக் கள் குடித்திருந்தேன். துக்கத்துக்குத்தான். நடுவில் கிடப்பது நீங்கள் என்று நினைத்து விழுந்து, "என்ன விட்டுட்டுப் போறீங்களே" என்று கத்தி, குதிகாலில் நெற்றியை முட்டிக்கொண்டேன். பாட்டு முடிந்து துணியை எடுத்தால் பல்லே இல்லாத ஒரு கிழவர் எழுந்து உட்கார்கிறார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பாவம், தனக்கு அழ ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் ஓரத்தில், யாருமே அழாமல் செத்து, யாருமே பார்க்காமல் எழுந்து நின்றீர்கள்.

நான் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் அது மட்டும் அல்ல. பெண்டாட்டி சம்மதிக்காமல் புருஷன் துறவு போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் நீங்கள் அதை வீட்டில் கேட்கவில்லை. கரையில் ஊர்க் கோயிலில் எல்லோரும் நிற்கும்போது மடத்துத் தலைவர் அப்பா நோப் என்னைப் பார்த்து, "என்னம்மா, விடறியா?" என்றார். "எடுத்துக்கோங்க சாமி, குறட்டை விடும், பாத்துக்கோங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவருக்கு, அது சிரிப்பு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அது போகட்டும். எனக்கு ஒரு பதில் வேண்டும். தினமும் காலையில் உங்கள் தீவின் சமையல் புகையைப் பார்ப்பேன். முன்பெல்லாம் கரையோரம் எழும். இப்போது எட்டு நாளாக மேலே, கோயிலை ஒட்டி எழுகிறது. ஏன் அடுப்பை மாற்றினீர்கள்?

மழை நின்று இருபது நாள் ஆகிறது. மலையெல்லாம் மஞ்சள் பூ. எல்லா ஏரியும் இறங்கும் காலம் இது. நம் ஏரிக்கு ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. ஆனாலும் நேற்று படகோட்டி குலுமா கன்றுக்குட்டி கட்டிய முளை இன்று தண்ணீருக்குள் நிற்கிறது. அவனிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். "ஒம் புருஷன் செத்தும் எனக்கு வேல வெக்கறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு வாங்கினான்.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். என்னைப் பெற்ற அப்பா பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை மாவு அரைத்துக்கொண்டே காதால் படித்தவள் நான்.

ஸப்லா

*

லூக்கா ஆண்டு, திக்கிம்த் 4
ஷாலிட் தீவு

சகோதரி ஸப்லாவுக்கு, பாவியான ஃபிலிமோன் எழுதுவது. சமாதானம் உண்டாவதாக.

உன் கடிதம் கிடைத்தது. துறவிக்குப் பழைய பெயரும் இல்லை, பழைய வீடும் இல்லை. ஆகையால் 'வீட்டுக்காரர்' என்று எழுத வேண்டாம். சம்மதம் கேட்ட விதத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். 

அடுப்பை மாற்றியது ஈரத்தால். மழைக்காலத்துத் தண்ணீர் மண்ணுக்குள் நின்று மெல்ல ஊறுகிறது என்று அப்பா நோப் சொல்கிறார். கரையிலிருந்து கோயிலுக்குப் பன்னிரண்டு கல்படிகள் உண்டு. நான் தச்சன் ஆனதால் அவற்றைக் கவனித்துக்கொள்வது என் வேலை. முதல் படி நனைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இங்கே நாங்கள் பதினொரு பேரும் நலம். நீ அழுத அந்த முதியவர் பெயர் அகாபோஸ். அவர் உன்னை விசாரித்தார். "அந்தப் பொம்பள நல்லா இருக்காளா? நல்லா அழுதா" என்றார்.

குலுமாவிடம் முப்பது முழம் கயிறு கொடுத்தனுப்ப முடியுமா? நல்ல கயிறாக. எதற்கென்று கேட்காதே.

பாவி ஃபிலிமோன்

*

லூக்கா ஆண்டு, திக்கிம்த் 15
கரை

ஃபிலிமோன் என்ற புதுப் பெயர்க்காரருக்கு,

கயிறு அனுப்பியிருக்கிறேன். எதற்கென்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாட்டை நினைத்து எனக்காக ஒரு சங்கீதம் படியுங்கள்.

'முதல் படி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான புதிதில் கூரை ஒழுகியபோதும் 'அவ்வளவுதான்' என்றுதான் சொன்னீர்கள். அன்று ராத்திரி கூரை நம் மேல் படுத்துக்கொண்டது. நீங்கள் 'அவ்வளவுதான்' என்றால் நான் உடனே கூரையைப் பார்க்கிறேன்.

இங்கே கரையில் செத்த மீன் ஒதுங்குகிறது. காயம் இல்லை, வலையில் அடிபட்ட தடம் இல்லை. பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஏரி நடுவில் கூழைக்கடாப் பாறையில் ஒரு கூழைக்கடாப் பறவைகூட இல்லை. என் கள்ளுக்கடையில் இப்போது ஒரே பேச்சுதான். குலுமா நேற்று குடித்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"மூணு வருசம் முன்னாடி வரைக்கும் மழ ஆரம்பிக்கறப்ப ஏரிக்குள்ள இருக்கற தண்ணிக்காரருக்கு ஒரு கெடாரி, ஒரு சட்டி வெண்ண. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து. ஒங்க சாமியாருங்க வந்தாங்க, ஏரிக்கே ஞானஸ்நானம் குடுத்தோம்னாங்க. சரி. தீவுல இருந்த அவரோட அத்தி மரத்த வெட்டினாங்க. அதுலயே கோயிலுக்கு உத்தரம் போட்டாங்க. இப்ப அவரு மரத்தத் தேடிக்கிட்டு படியேறி வராரு. வேற என்ன?"

"அப்ப நீ போய் வழி காட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் கடையில், என் பேச்சுக்கு, யாருமே சிரிக்கவில்லை.

அந்த மரத்தில் முதல் கோடாலி போட்டது யார் என்று எனக்குத் தெரியும். இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டிவிட்டு மன்னியுங்கள். போன வெள்ளிக்கிழமை ஏரியில் ஒரு சட்டி வெண்ணெய் விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

ஸப்லா

*

லூக்கா ஆண்டு, ஹிதார் 12
தீவு

ஸப்லா,

சகோதரி என்று எழுதக் கை வரவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

மூன்று படிகள் மூழ்கிவிட்டன. ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. கோயிலுக்கு வடக்கே ஒரு பள்ளம் உண்டு, அதில் இரண்டு குடிசைகள். நேற்று விடியற்காலையில் கல்மணி அடித்தும் அந்த இரண்டு பேரும் தொழுகைக்கு வரவில்லை. என்னை அனுப்பினார்கள். மெழுகுத் திரியை ஏற்றிக்கொண்டு போனேன். மடத்துக் கடுவன் பூனை வழக்கம்போல் கூட வந்தது.

இருவரும் படுத்தபடி இருந்தார்கள். காயம் இல்லை, வாயில் நுரை இல்லை, முகத்தில் பயமும் இல்லை. தூங்குகிறவர் முகம். முகத்தைப் பார்க்கத் திரியைக் கீழே இறக்கினேன். அணைந்தது. காற்று இல்லை. தலைக்கு மேலே தூக்கி, கையோடு கொண்டுபோன தணலில் பற்றவைத்தேன், எரிந்தது. இடுப்புக்குக் கீழே இறக்கினேன். அணைந்தது. யாரோ ஊதினாற்போல. மூன்றாவது முறையும் அப்படியே. நான் பூனையைக் கூப்பிட்டேன். அது என் காலடியில் உட்கார்ந்திருந்தது. தொட்டேன். சாய்ந்தது.

அப்போது எனக்குத் தலை கிறுகிறுத்தது. கீழே உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட்டேன்.

இருவரில் ஒருவர் அகாபோஸ். நீ அழுதவர்.

அப்பா நோப் எங்கள் எல்லோரையும் கோயிலுக்குள் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினார். "பேழை இந்தத் தீவ விட்டு எறங்காம எவன் படகுல கால வெக்கறானோ அவன் யூதாஸுக்குப் பங்காளி" என்றார். கட்டளைப் பலகை இருக்கும் பேழை பயந்து இறங்காது. அது திருநாளுக்குத்தான் வெளியே வரும். நானும் 'ஆமென்' சொன்னேன்.

நீ அனுப்பிய கயிற்றால் பேழை இருக்கும் பீடத்தை மேல் உத்தரத்தோடு கட்டியிருக்கிறேன். தண்ணீர் உள்ளே வந்தால் அது மிதந்து போகாமல் இருக்க. அந்த உத்தரம் அத்தி மரம். கட்டும்போது கையால் அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

வெண்ணெயைப் பற்றி எழுதியிருந்தாய். அது பாவம். எவ்வளவு பெரிய சட்டி?

ஃபிலிமோன்

*

லூக்கா ஆண்டு, ஹிதார் 14
கரை

உங்களுக்கு,

அந்தக் கிழவருக்கு நான் முன்பே அழுதுவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. இன்றைக்கும் அழுகை வந்தது.

கிளம்பி வாருங்கள். யூதாஸுக்குப் பங்காளியாகவே வாருங்கள். நான் யூதாஸுக்கும் சோறு போடுவேன்.

இங்கே ஆண்கள் கூடிப் பேசினார்கள். நாளை முதல் ஒரு படகும் தீவுக்குப் போகாது என்று முடிவு; படகில் வருவதில் இந்தக் கடிதம்தான் கடைசி. குலுமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அவரு எடுத்துக்க வந்தத அவரு எடுத்துக்கட்டும். நடுவுல போறவனையும் எடுத்துக்குவாரு. எனக்கும் புள்ளங்க இருக்கு ஸப்லா" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவன் பெண்டாட்டி தாத்தே மட்டும் மீன் பிடிக்கிற சாக்கில் கூழைக்கடாப் பாறை வரை வருவாள். பாதித் தூரம். இனிமேல் எழுதும் கடிதத்தைச் சுரைக்குடுவையில் போட்டு மெழுகு பூசி, பாறை இடுக்கில் வைப்பாள். உங்களிடம் ஒரு ஆள் தாங்கும் நாணல் படகு ஒன்று உண்டு அல்லவா? கடிதம் எடுக்கப் பாறை வரை வருவது ஓடிப்போவது ஆகாது என்று உங்கள் தலைவரிடம் கேளுங்கள்.

வெண்ணெய்ச் சட்டி பெரியதுதான். கல்யாணச் சட்டி.

ஸப்லா

*

லூக்கா ஆண்டு, தஹ்ஸாஸ் 19
தீவு

ஸப்லா,

பாறை வரை போக அப்பா அனுமதி கொடுத்தார். போனேன். உன் குடுவையை எடுத்தேன். பதிலை வைக்க இரண்டாம் முறை போனபோது நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

பாறையைத் தாண்டிப் போய்விட்டேன். நானாகப் போகவில்லை என்று எழுத ஆசை. நானாகத்தான் போனேன். உன் கள்ளுக்கடைக் கூரை தெரிந்தது, வாசலில் காயப்போட்ட துணி தெரிந்தது. இன்னும் நூறு துடுப்பு போட்டால் கரை. பிறகு, எனக்குப் பின்னால் கல்மணி அடித்தது. எட்டுப் பேர் என்னை நம்பிக் கயிற்றுக்கும் கூரைக்கும் காத்திருக்கிறார்கள் என்று நினைவு வந்தது. திரும்பிவிட்டேன். கொண்டுபோன கடிதத்தை வைக்கவும் மறந்தேன்; அதற்குப் பதில் இதை வைக்க நாளை போவேன்.

ஏழு படிகள் மூழ்கிவிட்டன. ஐந்து மிச்சம். ஒரு படி மூழ்க முன்பு இருபது நாள் ஆனது. பிறகு பத்து. போன படிக்கு ஐந்து நாள். ஐந்து படி முடிந்தால் கோயில் வாசல். நீயே எண்ணிக்கொள், எனக்கு எண்ணப் பயமாக இருக்கிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. விடியற்காலையில் அதன் மேல் ஒரு வெள்ளை ஆவி படுத்திருக்கும். காற்று வந்தால் போய்விடும். காற்று வராத நாளில் நாங்கள் யாரும் உட்காருவது இல்லை. நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டோம். ஆளுக்கொரு தொழுகைக் கோல் இருக்கிறது, அதைக் கக்கத்தில் கொடுத்துச் சாய்ந்துகொள்வோம். நேற்று ஒரு சகோதரர் தூக்கத்தில் சரிந்தார். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். அவர் கண் திறக்கும் வரை யாரும் மூச்சுவிடவில்லை.

அந்த அத்தி மரத்தை வெட்டியவன் நான். தண்ணீர் என்னைக் கேட்கிறது என்றால், மற்றவர்களை ஏன் கேட்க வேண்டும்?

ஃபிலிமோன்

*

லூக்கா ஆண்டு, தஹ்ஸாஸ் 25
கரை

மரம் வெட்டியவருக்கு,

தண்ணீருக்கு அத்தனை ஞாபகசக்தி இருந்தால் அதில் நான் கொட்டிய கழுநீருக்கு என்னைத்தான் முதலில் தேடி வரவேண்டும். கோடாலியைப் பற்றி இனி பேசாதீர்கள். அதற்கெல்லாம் நேரம் இல்லை.

நான் எண்ணிவிட்டேன். ஐந்து படிக்கு இருபத்தைந்து நாள். வேகம் கூடினால் இருபது. இன்றைக்கே ஆறு நாள் போய்விட்டது. தீர் மாதம் பத்தாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அன்றைக்கு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்த் திருநாளுக்கு முந்தின நாள். நாட்டில் இருக்கிற எல்லாப் பேழையும் கோயிலை விட்டு இறங்கி, தண்ணீரோரம் கூடாரத்தில் தங்கும் நாள். ராஜா வீட்டுப் பேழையும் தங்கும், குடிசைக் கோயில் பேழையும் தங்கும்.

உங்கள் தலைவரிடம் கேளுங்கள்: தீவில் கூடாரம் அடிக்க மண் எங்கே? போன வருஷம் அடித்த இடத்தில் இப்போது மீன்கூட இல்லை. தண்ணீரோரம் தரை இருப்பது எங்கள் கரையில்தான். பேழை பயந்து இறங்கக் கூடாது, சரி. திருநாளுக்கு இறங்காமல் இருக்கலாமா? இது அவருக்கு நான் சொல்லிக்கொடுப்பது இல்லை. ஊர்க் குருவே முறைப்படி அழைக்கிறார். அவர் கைப்பட எழுதிய அழைப்பை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் "எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு" என்றார். "சரி சாமி, ஒங்களுக்குக் கள்ளும் வேண்டாம்" என்றேன். உடனே எழுதிவிட்டார்.

படகுக்கு என்ன செய்வது என்பீர்கள். ஆண்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தே சொன்னாள்: "பேசினா தண்ணி வடியும்னா இந்நேரம் ஏரி காஞ்சு போயிருக்கும். நாணல் அறுக்கறது நாம, படகு கட்டறது நாம, துடுப்பு மட்டும் அவனுங்களுக்குக் கைல ஒட்டியா பொறந்துச்சு? வாடி ஸப்லா." எட்டுப் பெண்கள், நான்கு படகு.

இப்போது நீங்கள் கையை உதறுவது எனக்குத் தெரிகிறது. பெண் வாடையே ஆகாது, பெட்டைக் கோழிகூட ஆகாது. எல்லைக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? நீங்கள்தான் வெட்டினீர்கள். 'பெண்ணின் காலடி இந்த மண்ணில் படலாகாது.' அந்தக் கல் இப்போது எங்கே? தண்ணீருக்குள். நாங்கள் மண்ணில் கால் வைக்க மாட்டோம். படகை விட்டு இறங்கவே மாட்டோம். தண்ணீர் மேல் போகக் கூடாது என்று எந்தக் கல்லிலும் வெட்டவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். எழுதுகிற தோலைச் சுரண்டினால் ஓட்டை விழும், இருக்கட்டும்.

ஸப்லா

*

லூக்கா ஆண்டு, தீர் 8
தீவு

ஸப்லா,

பதினோரு படிகள் போயின. ஒன்று மிச்சம். நேற்று இன்னொரு சகோதரரைப் புதைத்தோம். புதைத்தோம் என்பது பழக்கத்தில் எழுதுவது. தோண்ட மண் இல்லை. கல் கட்டித் தண்ணீரில் இறக்கினோம்.

அழைப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். அவர் தோலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது அந்தக் கள்ளுக்காரி எழுதினதா?"

"ஆமாங்க அப்பா."

"அவளுக்கு எழுத்து வருமா?"

"கோணலா வருங்க."

"எழுத்துதான் கோணல்" என்றார். பிறகு பீடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் மொத நாளே பயந்துட்டேன் ஃபிலிமோன். வெளிய தெரிஞ்சா நீங்க அத்தன பேரும் ஓடிருவீங்க, பேழைய நான் தனியா காப்பாத்த முடியாதுன்னுதான் சத்தியம் வாங்கினேன். மூணு பேரு என் பயத்துல செத்தாங்க. அத நான் எங்க எறக்கி வெப்பேன், சொல்லு."  அவர் அழுததைப் பார்க்காததுபோல் நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

பேழை திருநாளுக்கு இறங்கும். நாங்கள் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு படகில் ஏறுவோம், பேழையைச் சுமக்கும் அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். இது அவர் வைத்த நிபந்தனை. சரி என்றோம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். காற்று இருந்தால் மட்டும் வா. முன் படகில் ஒரு கோலில் எரியும் திரியைக் கட்டித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே பிடி. அது அணைந்தால் எழுந்து நில், எல்லோரையும் நிற்கச் சொல். இரண்டாம் முறை அணைந்தால் திரும்பிப் போய்விடு. எனக்காக வராதே. நான் ஏற்கெனவே செத்தவன், உனக்கே தெரியும்.

வருவாய் என்றும் எனக்குத் தெரியும். அதுதான் இப்போது என் பயம் எல்லாம்.

பஹைலா

*

லூக்கா ஆண்டு, மெகாபித் 11
மேட்டு மலை

ஸப்லாவுக்கு, பஹைலா என்னும் ஃபிலிமோன்.

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத உட்காருவேன், பிறகு உட்கார்ந்திருக்கிறேனே என்று திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

புதுக் கோயிலுக்கு அடித்தளம் தோண்டுகிறோம். மரம் வெட்டவில்லை, கல்லிலேயே கட்டுகிறோம்.  அப்பா நோப் தினமும் செத்த மூன்று பேர் பெயரைச் சொல்லிக் கல் சுமக்கிறார்.

ஏரியின் கதையையும் மடத்தின் கதையையும் ஆதியிலிருந்து எழுதிவைக்க வேண்டும் என்று அவர் ஒரு சகோதரரை உங்கள் கரைக்கு அனுப்புகிறார். எழுத்து தெரிந்தவர், நல்லவர், கொஞ்சம் மறதி. நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல். எனக்கும் சொல். கண் கட்டியிருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. உன் குரலை மட்டும் கேட்டேன். "நில்லுங்க, எல்லாரும் நில்லுங்க" என்று இரண்டு முறை கத்தினாய். இரண்டாம் முறை திரும்பிப் போகச் சொல்லியிருந்தேன்.

ஃபிலிமோன்

*

லூக்கா ஆண்டு, கின்போத் 5
கரை, மேட்டுப் பக்கம்

உங்களுக்கு,

திரி இரண்டு முறை இல்லை, மூன்று முறை அணைந்தது. மூன்றாம் முறை நான் கத்தவில்லை. எனக்கே மூச்சு முட்டியது. முதல் முறை அணைந்தது போகும்போதே, கூழைக்கடாப் பாறை பக்கத்தில். எட்டுப் பேரும் எழுந்து நின்றே துடுப்பு போட்டோம். நாணல் படகில் நின்றால் முழங்கால் என்ன ஆடு ஆடும் என்று உங்களுக்குத் தெரியும். தாத்தே ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தே பேசாமல் இருந்தது எனக்குத் திரி அணைந்ததைவிடப் பயமாக இருந்தது.

கடைசிப் படியில் அப்பா நோப் பின்னால் நீங்கள் ஏழு பேரும் கண்ணில் துணி கட்டி வரிசையாக நின்றீர்கள். எனக்கு ஒரு நிமிஷம் எல்லோரும் செத்துத்தான் நிற்கிறீர்கள் என்று தோன்றியது. பிறகு நீங்கள் தும்மினீர்கள். அந்தத் தும்மலை எனக்குத் தெரியும். துடுப்பைப் பிடித்த கைக்கு அப்போதுதான் பலம் வந்தது.

அப்பா நோப் பேழையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் படகில் ஏறினார். கண்ணை இறுக மூடியிருந்தார். பாதி வழியில் இரண்டாம் முறை திரி அணைந்தது. உங்கள் கடிதப்படி திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் எந்தப் பக்கம்? வந்ததும் அதே தண்ணீர், போவதும் அதே தண்ணீர். அப்போது அவர் தாத்தேவிடம், "தம்பி, கொஞ்சம் வேகமா" என்றார்.

தாத்தே, "சரிங்க சாமி" என்றாள்.

"தொண்ட கட்டியிருக்கா தம்பி?"

"ஆமாங்க சாமி. பொறந்ததுலேர்ந்து."

அவர் உதடு துடித்ததைப் பார்த்தேன். சிரிப்பா, ஜெபமா, தெரியவில்லை. அப்போது மேற்கிலிருந்து காற்று அடித்தது. நான் திரியைப் பற்றவைத்தேன். கொஞ்ச தூரத்தில் மூன்றாவது முறையாக அணைந்தது. நான் சொல்லவில்லை, தாத்தே பார்த்தாள், இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பு போட்டோம். கரையில் ஆண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். குலுமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எங்கள் படகை இழுத்தான். அவன்தான் முதலில் பேழைக்கு முன்னால் விழுந்தான்.

மற்றதை நீங்களே பார்த்தீர்கள். கரையும் ஈரமாக இருந்ததால் பேழை மேட்டுப் புல்வெளிக்கு ஏறியது. ஊரே பின்னால் ஏறியது. பன்னிரண்டாம் தேதி காலையில் ஏரி உறுமியது, தண்ணீர் செம்மண் நிறத்தில் எழுந்தது, வெள்ளை ஆவி கரை தாண்டி என் கள்ளுக்கடை வரை வந்து படுத்தது. மதியம்தான் எழுந்து போனது. கீழே கட்டியிருந்த மாடு ஒன்றுகூட எழவில்லை. கரையில் ஒரு ஆள்கூட இல்லை, எல்லோரும் பேழையோடு மேலே இருந்தோம். உங்கள் கோயிலின் கூரை முனை மட்டும் இப்போது தெரிகிறது. அதன் மேல் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கிறது.

தண்ணிக்காரர்தான் மரத்தை எடுத்துக்கொண்டார் என்கிறான் குலுமா. பேழைதான் ஊரை மேலே கூட்டிப்போனது என்கிறார் குரு. நான் இரண்டு பேருக்கும் கள் ஊற்றுகிறேன். ஆனால் கீழே போக மாட்டேன். கடையை மேட்டில் போட்டுவிட்டேன். விடியற்காலையில் வாசலில் உட்காருவதற்கு முன், ஒரு திரியைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். எல்லா வீட்டிலும் இப்போது அப்படித்தான்.

நீங்கள் திரும்பி வீட்டுக்கு வர மாட்டீர்கள் என்று தெரியும். மேட்டு மலைக்குப் போன அன்று என்னைக் கடந்துதான் போனீர்கள், கண்கட்டு அவிழ்ந்திருந்தது, தலையைக் குனிந்துகொண்டீர்கள். பரவாயில்லை. அன்று கோயிலில் கேட்டதை இன்று கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிரிக்காமல், "சரி" என்றிருப்பேன். உயிரோடு ஒரு இடத்தில் இருந்தால் போதும். குறட்டை விடுங்கள். படுத்துக்கொண்டே விடுங்கள்.

உங்கள் சகோதரர் வந்து ஆறு நாள் தங்கினார். ஏரி உண்டானதிலிருந்து எல்லோரிடமும் கேட்டு, ஒரு முழுத் தோல் நிறைய அழகாக எழுதினார். படகு ஓட்டியவர்கள் யார் என்று கேட்டார். பெண்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, 'தேவதூதர்கள்' என்று எழுதினார். தாத்தே சிறகு முளைத்திருக்கிறதா என்று தன் தோளைத் தடவிப் பார்த்தாள்.

நேற்று எழுதி முடித்துத் தோலை முக்காலியின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடக் கை கழுவப் போனார். குலுமாவின் நாய் உள்ளே வந்தது. ஆட்டுத்தோல்தான். ஏரி தோன்றியதில் ஆரம்பித்து, அப்பா நோப் தீவுக்கு வந்தது, மரம், கோயில், படிகள், தேவதூதர்கள் வரைக்கும் தின்றுவிட்டது. மிச்சம் நான்கு விரல் அகலம் இருக்கிறது. அதில், 'அதன்பின் எல்லோரும் சாப்பிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறது. அதை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

ஸப்லா